ஓரகத்திக்கு நான் கட்டிக்கொடுத்த பெட்டி

எனக்கு வெளிநாடு போக ஆசையா, இல்லை என் ஓரகத்தி போய்விட்டாளே என்ற பொறாமையா? என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, என் கணவருக்கு வேலை கிடைத்து, ஜெர்மனிக்குப் போகவிருந்தது நாங்கள்தான். கைக்குழந்தையோடு எப்படிச் சமாளிப்பது என்று பயந்து நான்தான் வேண்டாமென்றேன். இந்த வருடம் கொழுந்தனுக்கு அங்கே வேலை கிடைத்தது. அன்று எனக்காக விசாரித்து வைத்ததையெல்லாம் ஓரகத்திக்குச் சொன்னேன். எங்கள் ஊர் சாலை பஜாருக்கு அழைத்துப்போய்க் குக்கருக்குக் கூடுதல் கேஸ்கட் வாங்கவைத்தேன். தடுப்பூசி அட்டையைக் கைப்பையிலேயே வைக்கச் சொன்னேன். அவள் தன் சின்னப் பையனின் போர்வையைத் துவைக்கப் போனபோது தடுத்தேன். பழகிய வாசனை இருந்தால் புது இடத்திலும் குழந்தை தூங்கும்.

போய்ச் சேர்ந்த மறுநாளே வீடியோவில் கூப்பிட்டாள்.

"மன்னி, போர்வையைப் போத்தினதும் சமத்தா உறங்கிட்டான், கேட்டேளா! நீங்க பேசாம ஒரு டிராவல் ஏஜென்சி ஆரம்பிக்கலாம்."

சிரித்தேன். அவளுக்குப் பின்னால் சமையலறை ஜன்னல் பெரிதாகத் தெரிந்தது. அது எனக்கு வரவேண்டிய ஜன்னல் என்று வயிறு எரிந்தது.

இப்போது என் கணவரை, அன்று விட்ட அந்த ஜெர்மனி வேலைக்கு மறுபடியும் கூப்பிடுகிறார்கள். "இந்தத் தடவையும் நீயே சொல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கொடுக்கணும்" என்கிறார். மகளோ இப்போதுதான் அழாமல் பிளே ஸ்கூலுக்குப் போகப் பழகியிருக்கிறாள். அந்த ஒரு ஜன்னலுக்காக அவளை இங்கிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறேனோ என்று பயமாக இருக்கிறது.

சின்னக் குழந்தையோடு வெளிநாடு போனவர்களும், வேண்டாமென்று இங்கேயே இருந்துவிட்டவர்களும், எதை வைத்து முடிவெடுத்தீர்கள் என்று தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.