மழைக்காலத்தில் மாட்டிய பனிக்காலப் பூட்ஸ்

வேட்டைக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கும் முறை எனக்கு அத்துப்படி. பனிக்காலத்தில் நகரத்து லத்தா கடைத்தெருவில், தடித்த காலுறையுடன் போட்டுப் பார்த்தே வாங்கினேன். மழை தொடங்கியதும், புழுக்கத்துக்குப் பயந்து காலுறை இல்லாமல் அதையே மாட்டிக்கொண்டு, மைத்துனர் காதருடன் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டாலா வயலில் நீர்க்கோழிக்கு வலை விரிக்கப் போனேன். தொளதொளத்த பூட்ஸில் ஒன்றைச் சேறு கழற்றிக்கொண்டது. அதைப் பிடுங்கி வரப்பில் கிடத்திவிட்டு, வாய்க்காலில் கால் கழுவி வந்தேன். மறுபடி மாட்டப் போகையில் காதர் கத்தினார்.

“மச்சான், காலை எடுங்க! உள்ள விரியன்!”

கம்பால் தட்டியதும் அது புல்லுக்குள் ஓடியது.

“உங்களுக்குத்தான் தொளதொள. அதுக்கு அளவெடுத்த மாதிரில்ல இருந்துச்சு!” என்றார்.

இப்போது மழைக்கென்று, வெறுங்காலைக் கவ்விப் பிடிக்கும் ஜோடி தனியாக வைத்திருக்கிறேன். எதையும் கவிழ்த்துத் தட்டாமல் மாட்டுவதில்லை. வீட்டுச் செருப்பையும் தட்டுகிறேன். அதில் பாம்பு ஒளிய இடமில்லை என்று காதர் தினமும் நினைவூட்டுகிறார்.