ஷெட்டை விட்டு நகர்த்தக் கூடாத வண்டி

எங்கள் வீட்டுப் பத்திரம் கணவர் பெயரில் இருக்கிறது. கேஸ் இணைப்பும் அவர் பெயரில்தான். கரண்டு பில் இன்னமும் செத்துப்போன மாமனார் பெயரில் வருகிறது. இந்த ஊரில் என் பெயரில் இருப்பது ஒன்றே ஒன்று. அது என்னுடைய ஹெரால்ட் கார்.

மெட்ராஸிலேயே செய்த வண்டி அது. பானெட்டைத் திறந்தால் மூக்கு மொத்தமும் முன்பக்கம் சாய்ந்துகொள்ளும். என்ஜினும் முன் சக்கரங்களும் பப்பரப்பே என்று வெளியே தெரியும். ஆவடித் தொழிற்சாலையில் ராணுவ உடுப்பு தைக்கும் பிரிவில் நான் வேலை பார்த்தபோது, குவார்ட்டர்ஸைக் காலி செய்து சொந்த ஊருக்குக் கிளம்பிய ஓர் அதிகாரியிடம் வாங்கினேன். நகையாக வாங்கிப் போட்டுக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள். மிஷினை மிதித்து மிதித்து நான் சம்பாதித்த காசு, எனக்குப் பிடித்ததை வாங்கினேன். குவார்ட்டர்ஸ் மைதானத்திலேயே ஓட்டவும் கற்றுக்கொண்டேன். பொம்பளைக்கு எதற்குக் கார், அதுவும் கிழட்டுக் கார் என்று கேட்டவர்கள்தான் பிற்பாடு முன்சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். கோவில்பதாகையில் கணவரின் பூர்வீக மனையில் கட்டிய வீட்டில் இருக்கிறோம். பக்கத்தில் வண்டிக்கென்று ஒரு தகர ஷெட், அதற்கு ஷட்டர், பூட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வண்டியை எடுப்பேன். பூந்தமல்லி வழியாக நசரத்பேட்டை வரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன். சில நாள் திரும்பும்போது வேலப்பன்சாவடிப் பக்கம் போனால், காலேஜ் பிள்ளைகள் சிக்னலில் வண்டியோடு செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் அதன் ஓட்டம்.

இப்படி எப்போதாவது ஓடும் பழைய வண்டிக்கென்றே தனியாக ஒரு பாலிசி இருக்கிறது என்று எங்கள் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்தான் சொன்னார். சாதாரண பாலிசியில் பழைய வண்டிக்கு இரும்புக் கடை விலைதான் போடுவார்கள். இதில் வண்டியைப் பார்த்துப் பேசி முதலிலேயே ஒரு தொகையை முடிவு செய்துவிடுவார்கள்; வண்டி மொத்தமாகப் போனால் அந்தத் தொகை அப்படியே கிடைக்கும். பதிலுக்கு நிறைய நிபந்தனைகள். வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது. கடை கண்ணிக்கு, வேலைக்கு என்று தினமும் எடுக்கக் கூடாது. வாடகைக்கு விடக் கூடாது. ராத்திரியில் வண்டி, கொடுத்த விலாசத்தில், பூட்டிய ஷெட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், அந்த நிபந்தனைகள் எனக்கு வெல்லமாக இனித்தன. அதற்கு முன் ஊரில் ஒரு கல்யாணம் விடாமல் மாப்பிள்ளை அழைப்புக்கு என் வண்டியைக் கேட்டு வருவார்கள். போன வண்டி சீட்டெல்லாம் சாமந்திப் பூவும் ஜிகினாத் தூளுமாகத் திரும்பி வரும். பாலிசி எடுத்த பிறகு யார் கேட்டாலும், "குடுக்க ஆசைதாங்க, பாலிசி ஒத்துக்காதே" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வேன். அரிசி மூட்டை ஏற்றக் கணவர் கேட்டபோதும் அதே பதில்தான். "இன்னா பாலிசியோ, மாமியார மாரி கீது" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் ஆட்டோ பிடித்துப் போவார்.

அந்த வருடம் புயல் மழை நான்கு நாளாக விடாமல் பெய்தது. எங்கள் பக்கம் மழை என்றால் முதலில் ஏரியைத்தான் பார்ப்போம், நிரம்பிக் கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் வெளியேறுகிறதா என்று. இரண்டாவதாக ஜனங்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கார், ஆட்டோ, வேன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். போலீஸும் ஒன்றிரண்டு தடவை விசில் அடித்துப் பார்த்துவிட்டு, "ஓரமாப் போடுங்கப்பா" என்று விட்டுவிடும். வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வண்டியையாவது தூக்கலாமே.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் நனைந்த கோழியாக வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, ஏரி ரொம்பிக்கீது. கலங்கல்ல தண்ணி போய்க்கினு கீது. இன்னும் வண்டிய இங்கியே வெச்சிகினு இன்னா பண்றே? நான் ஆட்டோவ பாலத்து மேல போட்டுட்டுதான் வரேன். எடு, எடு."

சாவியை எடுத்துவிட்டேன். ஆனால் அந்த ராத்திரி நிபந்தனை நெஞ்சில் முள்ளாக நின்றது. ஏஜென்டுக்குப் போன் போட்டேன். மழைச் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் வைத்தது என் தப்பு.

"மேடம், தயவுசெஞ்சு வண்டிய வெளில எடுத்துடாதீங்க" என்றார் அவர். "ஷெட்ல நின்னு முழுகிடுச்சுன்னா ஒரு பிரச்சினையும் இல்ல. டோட்டல் லாஸ்னு முழுத் தொகையும் வந்துரும். வெளில எடுத்து, ராத்திரி ரோட்டுல நிக்கும்போது ஏதாவது ஆச்சு, அப்புறம் பத்து பைசா பேராது. சும்மா இருங்க, போதும்."

கணவர் அருகில்தான் நின்றிருந்தார். அவர் முகத்தில் அந்த நிமிடம் மாடியில் ஓர் அறை எழும்பியதை நான் பார்த்தேன்.

"அவரு சொல்றதும் நாயமாத்தானே கீது" என்றார் மெதுவாக. "நாமளா தள்ளி உடறோம்? தண்ணி தானா வருது. எப்டியும் பழைய வண்டி. விக்கப் போனா இதுல பாதி கூட எவன் குடுப்பான்? மாடில ஒரு ரூம் எடுத்துரலாம். ஒனக்கும் காத்தோட்டமா இருக்கும்."

அவர் கெட்டவர் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மிஷினோடு முப்பது வருடம் மல்லுக்கட்டிய மனுஷர். சிக்கனம் ரத்தத்தில் ஊறியது. ஆனால் மேலே மழை கொட்டிக்கொண்டிருக்க, கீழே ஷெட்டுக்குள் என் வண்டி நின்றுகொண்டிருக்க, அது எவ்வளவு சீக்கிரம் மூழ்கும் என்று இரண்டு ஆம்பிளைகள் போனில் ஒத்துப்போகிறார்கள். பாலும் ஊற்றிவிடலாம் போல.

"மாடி ரூம் யார் பேர்ல இருக்கும்?" என்று கேட்டேன்.

நான் ஷட்டரைத் தூக்கினேன்.

வண்டி முதல் திருகலிலேயே எழுந்தது. அதற்காக அதற்கு நான் ஒரு முத்தம் கொடுத்திருப்பேன், பக்கத்தில் ஆட்டோக்காரர் ஏறி உட்காராமல் இருந்திருந்தால். தெருவில் தண்ணீர் ஏற்கெனவே சக்கரத்தில் பாதி. முதல் கியரில், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல், மாடு ஓட்டுவது போல "ஏ, ஏ" என்று வண்டியோடு பேசிக்கொண்டே சி.டி.எச். மெயின் ரோடு வந்து சேர்ந்தேன். வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. "உடாத அக்கா, உடாத, எடது பக்கம் பள்ளம் கீது" என்று ஆட்டோக்காரர் வழிநெடுகக் கத்திக்கொண்டே வந்தார். ஒருவழியாகப் பாலத்தில் ஏறினேன். பெரிய பெரிய கார்களுக்கு நடுவில் இடம் பிடித்து நிறுத்திவிட்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டாத குறையாக அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன்பே, இருட்டிலேயே வண்டியைப் பார்க்க நடந்துபோனேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முன்னால் நின்ற தண்ணீர்க் கேன் வேன் ஒன்று ரிவர்ஸில் வந்து என் பானெட்டில் மோதியது. ஒரு ஹெட்லைட் நொறுங்கியது, மூக்கின் ஒரு பக்கம் மொத்தமும் உள்ளே போனது. வேன்காரன் இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டான். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூட வெள்ள முகாமில் விட்டிருக்கிறானாம். அவனிடம் என்ன சண்டை போடுவது? வண்டி நம்பரைக் கூடக் குறித்துக்கொள்ளாமல் போகச் சொல்லிவிட்டேன்.

தண்ணீர் வடிந்த பிறகு வண்டியைக் கொண்டுவந்தேன். வீட்டைவிடத் தாழ்வாக இருந்த ஷெட்டின் சுவரில் என் மார்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. கணவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன்.

பானெட் ரிப்பேருக்கு மட்டும் க்ளெய்ம் எழுதிக் கொடுத்தேன். சேதத்தைப் பார்வையிட ஒரு சர்வேயர் வந்தார். சின்ன வயது, பதவிசான பிள்ளை. நெளிந்த மூக்கைப் பார்த்தார், சுவரில் சேற்றுக் கோட்டைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"மேடம், பாலத்துல நின்னுச்சுன்னு எழுதியிருக்கீங்களே. அப்படியே போனா ரிஜெக்ட் ஆயிடும். ஷெட்லதான் நின்னுச்சு, வெள்ளத்துல ஷட்டர் சாஞ்சு மேல விழுந்துச்சுன்னு மாத்திக் குடுங்க. நான் பாஸ் பண்ணிடறேன்."

நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். கணவர் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். எனக்குத்தான் ஒப்பவில்லை. நான் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் கிடையாது. அத்தை ஊருக்கு வருகிறாள் என்று எத்தனை தடவை ஃபேக்டரியில் லீவு போட்டிருக்கிறேன். ஆனால் இந்தப் பொய்யைச் சொன்னால், நான் அந்த மழையில் வண்டியைக் காப்பாற்றவே இல்லை என்று ஆகிவிடும். திருடி வைத்திருந்தால் மறைக்கலாம். என் வண்டியை நான் காப்பாற்றியதை எதற்கு மறைக்க வேண்டும்?

"பாலத்துலதான் தம்பி நின்னுச்சு. அப்படியே போகட்டும்" என்றேன்.

அப்படியே போனது, நிராகரிப்பும் வந்தது. பாலிசி முடிகிற நேரமாகவும் இருந்ததால், அம்பத்தூரில் இருந்த கிளை அலுவலகத்துக்குக் கணவரையும் அழைத்துக்கொண்டு நேரில் போனேன். மேனேஜர் மரியாதையாக உட்கார வைத்தார். பாலிசியின் நிபந்தனையைத் தமிழிலும் இங்கிலீஷிலும் படித்துக் காட்டினார்.

"சட்டப்படி எங்க கை கட்டியிருக்கு மேடம். நீங்க வண்டியை எடுக்காம இருந்திருந்தா, கேள்வியே கேக்காம முழுத் தொகையும் குடுத்திருப்போம்."

"அதை எழுதிக் குடுங்க சார்" என்றேன்.

"எதை?"

"இப்ப சொன்னீங்களே, அதை. தண்ணில விட்டிருந்தா முழுசா குடுத்திருப்போம், காப்பாத்தினதால குடுக்கல. இதே மாதிரி எழுதி, சீல் போட்டுக் குடுங்க. போயிடறேன்."

அவர் சிரித்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அதையெல்லாம் அப்படி எழுத முடியாது மேடம் என்றார். எழுத முடியாததை எப்படிச் சொல்ல முடிந்தது என்று கேட்டேன். பக்கத்து மேஜைகளில் டைப் அடிக்கும் சத்தம் நின்றுபோனது.

"உங்ககிட்ட கார் இருக்கா சார்?"

"இருக்கு."

"அன்னிக்கு மழையில எங்க நின்னுச்சு?"

அவர் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். மூலை மேஜையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, இத்தனை நேரம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவர், தாங்க முடியாமல், "மதுரவாயல் பாலத்துல மேடம். ரெண்டு நாள் ஆபீசுக்கு எங்க ஸ்கூட்டர்லதான் வந்தாரு" என்று சொல்லிவிட்டார். ஆபீஸ் மொத்தமும் சிரித்தது. மேனேஜரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

"அது வேற பாலிசி மேடம்."

"மழை ஒண்ணுதானே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதட்டும் ஆள் இல்லை அவர். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "சரி, போனது போகட்டும். புதுசா எடுக்கப் போற பாலிசிக்குக் கேக்கறேன். அடுத்த மழைக்கு வண்டி ஷெட்ல இருக்குமா?" என்றார்.

கணவர் என் முழங்கையைத் தொட்டார். தலையாட்டிவிட்டுப் போ, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

"இருக்காது. பாலத்துலதான் இருக்கும்."

"அப்படின்னா இந்தப் பாலிசியை நாங்க தர முடியாது. உங்க வண்டிக்கு என்ன ஆனாலும் எங்ககிட்ட இருந்து ஒண்ணும் வராது. கட்டாயம் இருக்க வேண்டிய தேர்ட் பார்ட்டி மட்டும்தான் போட்டுக் குடுக்கலாம். உங்க வண்டியால வேற யாருக்காவது ஏதாவது ஆனா, அதுக்கு மட்டும்."

"அதையே குடுங்க" என்றேன். "ஊரார் மேல மோதினா நீங்க பாத்துக்கங்க. என் வண்டிக்கு நான் இருக்கேன்."