நாக்கத் தூக்குங்க, உபதேசியாரே

பதுளை ஆஸ்பத்திரியின் நடைவழி எனக்குப் பழக்கமான இடம். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) யாராவது விடாமல் இருமினால், பஸ் ஏற்றி அங்கே கூட்டிப்போவது என் வேலை. நான் ஒரு சிறு கோயிலின் உபதேசியார் (பாதர் வராத நாட்களில் செபம் நடத்துகிறவர்). நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோவது எனக்குப் பிரசங்கத்தை விடப் பிடிக்கும். பிரசங்கத்தில் ஆட்கள் தூங்குவார்கள்; கஞ்சி குடிக்கும்போது யாரும் தூங்குவதில்லை.

அன்றைக்கு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த என்னிடம் தாதி கேட்டார், "இன்னைக்கு யாரக் கூட்டிக்கிட்டு வந்தீங்க?"

"என்னையத்தான்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மாலையானால் காய்ச்சல், ஓயாத இருமல். இடுப்புப் பட்டிக்கு ஆணியால் புது ஓட்டை போட்டிருந்தேன். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "சளியில கிருமி இருக்கு. காசநோய்தான். பயப்பிடாதேங்கோ, மருந்தை ஒழுங்கா எடுத்தா முழுசா மாறும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லோணுமே?"

"சொல்லுங்க டாக்டர். மொதல்லருந்து சொல்லுங்க."

எனக்கு எல்லாம் தெரியும்தான். ஆனால் தெரிந்ததெல்லாம் மற்றவர்களின் உடம்பைப் பற்றி.

பஸ்ஸில் திரும்பும்போது முகக்கவசத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, என் அடக்கப் பூசைக்குப் பாட்டுகளைத் தெரிவு செய்தேன். எங்கள் பாடகர் குழுவை நினைத்து, உச்சத்துக்குப் போகும் ஒரு பாட்டை மாற்றியும் விட்டேன்.

வீட்டில் என் மனைவி ரோசலின் கம்பளியை வெயிலில் விரித்துக்கொண்டே சொன்னாள், "போதுங்க. இனி லயத்துப் பக்கம் போகாதீங்க." அவள் முடிக்கும் முன்பே சரி என்றேன். அவளுக்காக அல்ல, பயத்தில்.

இந்த மருந்தை இன்னொருவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும் (இதற்கு நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை என்று பெயர்). வீட்டார் இரக்கப்பட்டு விட்டுவிடலாம் என்பதால் வெளியாளாக இருந்தால் நல்லது. போன வருடம் மேல் லயத்தில் கொழுந்து பறிக்கும் மாரியாயிக்கு இதே நோய் வந்தபோது, தினமும் ஏறிப்போய் அவள் மாத்திரை விழுங்குவதைப் பார்த்தவன் நான். இப்போது அவளே கிளினிக்கில் கேட்டு, அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

பெரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகும் வழியில் வருவாள். வாசலில் தள்ளி உட்கார்ந்துகொள்வாள்.

"நாக்கத் தூக்குங்க, உபதேசியாரே."

"முழுங்கிட்டேன் தாயி."

"நானும் அப்புடித்தான் சொன்னேன். தூக்குங்க."

ஒரு மாத்திரை நாக்கின் கீழே இருந்தது.

அந்த முதல் வாரத்தில் ஒரு காலை, கக்கூஸிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தேன். "ரோசலின், ரத்தமா போகுது. கிட்னி போயிருச்சு."

மாரியாயி வாயைப் பொத்திக்கொண்டாள். "மருந்துச் சாயம்யா அது. செவப்பாத்தான் போகும், பயப்படாதன்னு எனக்கு நீங்கதானே சொன்னீங்க."

அவளுக்கு மட்டுமா? லயம் லயமாகச் சொல்லியிருக்கிறேன். இருமலோடு இதைப் படிக்கிற உங்களுக்கும் சொல்கிறேன்: அது சாயம்தான்.

கொட்டுகிற மழையிலும் அவள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். ஒருநாள் கேட்டேன், "திரும்ப ஒட்டிக்கும்னு பயமில்லையா?"

"இருக்குங்க. ஆனா, ஒருத்தர் பக்கத்துல இருந்தா மாத்திர எறங்குது. அது எனக்குத் தெரியும்ல?"

ஏழையில் கிறிஸ்துவைப் பார் என்று நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அவர் கொழுந்துக்கூடையோடு வந்து என் வாயைத் திறக்கச் சொல்வார் என்று நினைத்ததில்லை. ரோசலின் தினமும் அவளுக்கென்று ரொட்டி சுட ஆரம்பித்தாள்.

சளியில் கிருமி இல்லை, இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொன்ன பிறகு ஒரு காலை, மாரியாயி ரொட்டியைப் பிட்டபடி சொன்னாள்: "எங்க லயத்துக் கடைசிக் காம்பராவுல பெருமாளண்ணே ராவெல்லாம் இருமுறாரு. பதுளைக்கு வரமாட்டாராம்."

நான் சுவரைப் பார்த்தேன். ரோசலின் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இன்னும் இரண்டு ரொட்டியைப் பொதிந்து என் கையில் வைத்தாள்.

"நின்னு நின்னு ஏறுங்க" என்றாள்.

நின்று நின்றுதான் ஏறினேன். முன்பு ஒரே காலையில் லயம் முழுவதையும் முடித்துவிட்டு இறங்குகிறவன் நான். இப்போது என் நெஞ்சு, பாதி ஏற்றத்திலேயே நின்றுவிடும் பழைய பஸ். மாரியாயி பெரட்டுக்கு நேரமாவதைச் சொல்லாமல், நான் மூச்சு வாங்கி முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள்.

பெருமாள் அண்ணன் சுவரோடு சாய்ந்திருந்தார். நான் பேசவில்லை, பேச மூச்சில்லை. அவர் இருமினார், நான் இருமினேன். ரொட்டி தீர்ந்த பிறகு அவரே கேட்டார், "அந்த மருந்துல ஒடம்புக்கு ஏதாச்சும் ஆகுமா?"

"மூத்திரம் செவப்பா போகும். பயப்படாதீங்க."

வாசலில் மாரியாயி சிரிப்பை அடக்குவது கேட்டது. அன்று நான் போனது அந்த ஒரு வீட்டுக்கு மட்டும். எழுந்திருக்கவும் அவசரமில்லை.