பூட்டிய பாதிக்கு ஒரு தே தாரிக்

எங்கள் போட்காஸ்ட் முழுக்கக் கல்யாண வீட்டுச் சண்டைகள்தான். யார் சாப்பிடாமல் எழுந்து போனார், யார் பெயர் பத்திரிகையில் விடுபட்டது என்று கேட்டு வந்து, புக்கிட் காத்தில் என்ற ஊரில் எங்கள் வீட்டில், வெளிச் சத்தம் வராமலிருக்க மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுவேன். பதிவை வெட்டி ஒட்டுவது கணவர். பாதிக் கதை இலவசம். சண்டை முற்றுகிற இடத்தில் பூட்டு; மீதியைக் கேட்கச் சந்தா கட்ட வேண்டும்.

பூட்டுகிற யோசனை என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் சந்தா கட்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"இந்த மாசத்தோட நிப்பாட்டிருவோம்லா" என்றார் கணவர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரம் டுரியான் துங்காலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது ஒரு சாலையோர ஒட்டுக்கடையில் நிறுத்தினோம். ஸ்பீக்கரில் என் குரல். அதோடு இணைத்த போனில் சந்தாக்காரர்களுக்கான முழுக் கதை ஓடியது. மேசை நிறைய ஆட்கள். ஒருத்தர் சந்தா கட்ட, ஊரே ஓசியில் கேட்கிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகக் கடைக்கார அக்காவிடம் போனேன்.

"அக்கா, இதுல பாதி காசு கட்டிக் கேக்குறது. இப்படி எல்லாருக்கும் போடலாமா?"

"நான் காசு கட்டியிருக்கேன்மா. சத்தம் போடாதீங்க, இனிமேதான் பூட்டுன பாகம் வருது. அதுக்கு உக்காரணும்னா ஒரு தே தாரிக்காச்சும் எடுக்கணும். சும்மா நிக்கக் கூடாது."

அதுவரை சும்மா நின்றிருந்த இருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு டீ ஆர்டர் கொடுத்தார்கள். கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். என் குரலைக் கேட்க நானே இரண்டு தே தாரிக் சொன்னேன்.

கதையில் மாப்பிள்ளையின் மாமா பந்தியிலிருந்து எழுகிற இடம் வந்தது. மெத்தைக்கு முன்னால் பேசும்போது எனக்கு ஒரு சத்தமும் கேட்டதில்லை. இங்கே கடையே சிரித்தது.

"மாமன் செஞ்சது சரிதான்" என்றார் ஒருவர். பக்கத்து மேசை எகிறியது. கதை முடிந்தும் சண்டை முடியவில்லை. அக்கா அடுத்த சுற்று ஆற்றிக்கொண்டிருந்தார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது.

காரில் ஏறிய கணவர் சாவியைத் திருகவில்லை. "கடைங்களுக்குத் தனிச் சந்தா போடலாம்லா. போய்ப் பேசு."

இறங்கிப் போய் நான் யாரென்று சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கடைச் சந்தாவா? கட்டுறேன். ஆனா பூட்டை இன்னும் கொஞ்சம் முன்னால போடுங்கம்மா. பாதிப் பேரு அதுக்குள்ள தே தாரிக் எடுக்காமலே எழுந்து போயிடுறாங்க."