படகு கழுவுகிற தண்ணீர்

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். நான் கார் ஓட்டுகிறேன். பழைய கார், பெட்டி மாதிரி இருக்கும். கடைசி சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே ஐஸ் பெட்டிகளை அடுக்குவோம். மீன் விற்கிற பெண்கள் நாலு பேர் ஏறிக்கொள்வார்கள். விடிந்ததும் பழவேற்காடு பாலம் தாண்டிப் பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போவோம்.

படகு கரைக்கு வந்ததும் ஏரியின் உப்புத் தண்ணீரை மொண்டு ஊற்றிக் கழுவுவது எங்கள் குப்பத்து வழக்கம். அவர் காரையும் அப்படித்தான் கழுவினார். சாயங்காலம் வாளி வாளியாக ஊற்றுவார். அடியில், சக்கரத்துக்கு உள்பக்கம், எல்லா இடத்திலும். கார் பளபளவென்று நிற்கும். எனக்கும் பெருமைதான்.

ஒருநாள் காலை பாலத்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். கால் தரைவரை போய்விட்டது. கீழே ஓர் ஆட்டோ ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. திரும்பத் திரும்ப மிதித்தேன். கொஞ்சம் பிடித்தது, நிற்கவில்லை. கியரை ஒவ்வொன்றாக இறக்கினேன். வண்டி உறுமியது. ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓரத்து மணலில் விட்டேன். நின்றது. ஐஸும் மீனும் பெண்கள் முதுகில் கொட்டிக் கிடந்தன. அவர்களில் மூத்தவள் கேட்டாள்.

"எறங்கலாமா, இல்ல இன்னும் எதுனா கீதா?"

மெக்கானிக் வந்து அடியில் படுத்துப் பார்த்தார். பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப் உப்பில் துருப்பிடித்து ஓட்டையாகி இருந்தது. பிரேக் ஆயில் பல நாளாகக் கசிந்திருக்கும், வண்டி நிற்கிற இடத்தில் தரையைப் பார்க்கவில்லையா என்றார். எங்கே பார்ப்பது. கழுவின தண்ணீரும் மீன் தண்ணீரும் சொட்டி அந்த இடம் என்றைக்கும் ஈரம். எல்லாப் பைப்பையும் மாற்ற வேண்டும், சாமான் வரக் கொஞ்ச நாளாகும், அதுவரை எடுக்காதே என்றார். இனிமேல் உப்புத் தண்ணீர் படக் கூடாது என்றும் சொன்னார்.

அப்போது இறால் நன்றாக விழுகிற சமயம். ஓட்டையை அடைத்து ஆயில் ஊற்றி மெதுவாக ஓட்டினால் போதும் என்று வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார்.

"படகுல இன்னா பிரேக்கா கீது? நான் கரைக்கு வர்ல?"

"படகுக்கு முன்னால ஆட்டோ நிக்காதுயா."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மீன் கூடையைப் பஸ்ஸில் ஏற்ற விடவில்லை. நாலு பேரும் ஷேர் ஆட்டோவில் நசுங்கிப் போனார்கள். மார்க்கெட்டுக்கு நேரம் கழித்துப் போனால் நல்ல இடம் கிடைக்காது. தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பினார்கள். ஒருத்தி வேறு வண்டி பார்க்கப் போவதாக என் காதில் விழும்படி சொன்னாள். அவர்கள் போய்விட்டால் எனக்கு ஓட்டுகிற வேலையே இல்லை. அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. சாவி இடுப்பிலேயே இருந்தது.

பைப் மாற்றிக் கார் வீட்டுக்கு வந்தது. அன்று சாயங்காலமே அவர் வாளியை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் கிளம்பினார். பழக்கம். நான் குறுக்கே நின்றேன்.

"அடில படுத்துப் பாருயா. புது பைப்பு. உன் தண்ணி அதயும் தின்னும்."

படுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். எங்கள் பக்கம் ஆம்பிளைகள் குடம் தூக்குவதில்லை. நல்ல தண்ணீருக்கு வரிசையில் நின்ற பெண்கள் சும்மா விடவில்லை.

"இன்னா மாமா, காருக்குத் தலைக்கு ஊத்தப் போறியா?"

"ஆமா. நீ மஞ்சள் எடுத்துனு வா," என்றார்.

இப்போது அந்தக் குழாய்த் தண்ணீரை அளவாக ஊற்றி அடிப்பக்கத்தைத்தான் முதலில் கழுவுகிறோம். கழுவுவது ஓர் இடம், நிறுத்துவது வேறு இடம். நிறுத்துகிற இடத்தில் காய்ந்த மணல் போட்டிருக்கிறேன். ஐஸ் பெட்டிக்கு அடியில் தட்டு வைத்தாயிற்று, மீன் தண்ணீர் கீழே வராது. காலையில் மணலைப் பார்ப்பேன். ஆயில் அளவைப் பார்ப்பேன். அதற்கப்புறம்தான் பெட்டி ஏற்றுவது.

கார் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை நாலு பேரும் வந்தார்கள். ஏறவில்லை. மூத்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிரேக்க மிதிச்சிப் பாத்தியா?"

"மிதிச்சேன்."

"எங்க, நான் பாக்கறேன், இன்னொருவாட்டி மிதி."

மிதித்தேன். கால் பாதிகூடப் போகவில்லை, கெட்டியாக நின்றது. குனிந்து பார்த்தாள். கூடையை உள்ளே தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் ஏறினார்கள்.