மடங்கிய முழங்கை

டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த நடனப் பள்ளி. கீழே சக்கரம் கழற்றுகிற மெஷின் உறுமினால் மேலே சுவர்க் கண்ணாடி அதிரும். தெருக்காரர்களே சேர்ந்து நடத்துகிற பள்ளி. பெரிய வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் இல்லை, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தால் போதும். சொல்லித்தருகிறவர்கள் மூன்று பேர். பகலில் பஸ் ஓட்டிவிட்டுச் சாயங்காலம் வருகிற டிரைவர் ஒருத்தர். நடனத்தையே பாடமாகப் படித்துப் பட்டம் வாங்கிய டீச்சர் ஒருத்தி. மூன்றாவது ஆள் முழங்கை மாஸ்டர்.

அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. ஆடும்போது அவருக்கு இடது கை கொடியில் போட்ட துணி மாதிரி முழுசாக விரியும். வலது கை பாதியிலேயே நின்றுவிடும், முழங்கை விலாவை விட்டு நகராது. அவரிடம் படித்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதே கை. நூறு பேர் நடுவில் விட்டாலும், "அது முழங்கை மாஸ்டர் சரக்கு" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

அந்தக் கை மடங்கியது ஓர் அடுப்படியில். சின்ன வயதில் வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் நடன வகுப்புக்கு அனுப்ப முடிந்தது. அக்கா போனாள். படித்ததைச் சூடு ஆறுவதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்து தம்பிக்கு இறக்கிவைப்பாள். கூடத்தில் அப்பா ஷிப்ட் முடித்துத் தூங்குவார், அங்கே குதித்தால் முதுகு பழுக்கும். ஆகவே அடுப்படிதான் மேடை. இடது பக்கம் வாசல், வலது பக்கம் டப்பா அடுக்கிய பலகை. தம்பி வலது கையை வீசினால் சர்க்கரை டப்பா தரைக்கு வந்துவிடும்.

"மடக்குடா கையை! டப்பா விழுந்துச்சுன்னா அப்பா எழுந்து வந்து நம்ம ரெண்டு பேர் முதுகுலயும் தாளம் போடுவாரு."

"வகுப்புலயும் இப்படித்தான் மடக்குவீங்களா?"

"அங்க விரிப்போம். இங்க ஏது இடம்? நீ வெளிய போய் ஆடும்போது விரிச்சுக்க."

அம்மா படுத்த படுக்கையானதும் அக்காவின் வகுப்பு நின்றது. வீடு மொத்தமும் அவள் தலையில் விழுந்தது. அப்போதும் உலை கொதிக்கிற நேரத்தில் கரண்டியும் கையுமாக நின்று தம்பியை ஆட்டிவைத்தாள். தம்பி மேடையேறினான், நாலு இடம் பார்த்தான், மாஸ்டர் ஆனான். கையை விரிக்கத்தான் மறந்துபோனான். அக்கா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் சேர்ந்தாள். நோயாளிகளின் போர்வையைப் பிழிந்தே அவள் காலம் ஓடியது.

போன வருஷம் ஆண்டு விழாவுக்குப் பள்ளிச் செயலாளர் ஒரு யோசனை சொன்னார். "புதுசா நிறையப் பேர் பிள்ளைங்களைச் சேர்க்கிறாங்க. யார்கிட்ட விடுறோம்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா? மூணு பேரும் மேடையேறி, யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு உங்க வாயாலயே சொல்லிடுங்க."

மாஸ்டர் நேரே அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னார்.

"அப்போ என் பேரு மேடையில வருமாடா?"

"உன் பேரை விட்டா வேற யார் பேரு இருக்கு எனக்கு?"

"மைக்குல?"

"மைக்குலதான்."

"அப்போ நரையோட வந்தா உனக்கு மரியாதை இல்ல. தலைக்குச் சாயம் அடிச்சிட்டு வரேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் தனக்கென்று அவள் தம்பியிடம் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அரைநாள் லீவு போட்டு, நிஜமாகவே சாயம் அடித்துக்கொண்டு, விழா அன்றைக்கு முன் வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

முதலில் டிரைவர் ஏறினார். "நாடகக் கம்பெனியில திரை இழுத்துட்டிருந்தேன். ஒரு நாள் ஆடுறவன் குடிச்சிட்டு விழுந்துட்டான், என்னைப் பிடிச்சு உள்ள தள்ளிட்டாங்க. நான் விழாம ஆடினேன். அவ்வளவுதாங்க என் படிப்பு." கூட்டம் கொல்லென்று சிரித்தது, அப்புறம் பலமாகக் கைதட்டியது. மாஸ்டர் காதில் சிரிப்பு மட்டும்தான் ஏறியது. அடுத்து டீச்சர் தன் பட்டத்தைச் சொன்னாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிள்ளையைச் சேர்க்க வந்த, கோட்டுப் போட்ட ஒருத்தர் மெச்சித் தலையாட்டினார்.

மைக் மாஸ்டர் கைக்கு வந்தது. அடுப்படி என்றால் சிரிப்பார்கள். துணி துவைக்கிறவள் என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் டீச்சர் வகுப்பில் விட்டுவிடுவார்கள். அந்தப் பயத்தில் வாய் அதன் பாட்டுக்குப் பேசியது.

"வெளியூர்ல... ஒரு பெரிய மாஸ்டர்கிட்ட. ரொம்பக் கண்டிப்பானவர். இப்போ அவர் உயிரோட இல்ல."

கூட்டம் உச்சுக்கொட்டியது, கைதட்டியது. அக்காவும் தட்டினாள். தட்டிக்கொண்டே மைக்கைப் பார்த்தாள், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்கிற மாதிரி. மைக் செயலாளர் கைக்குப் போய்விட்டது.

விழா முடிந்து டீ குடிக்கும்போது டீச்சர் கேட்டாள். "மாஸ்டர், வலது கையை மடக்குறது உங்க மாஸ்டர் பாணியா? நான் எங்கயுமே பார்த்ததில்லையே."

பக்கத்தில் அக்கா நிற்கிறாள். அப்போதாவது திருத்தியிருக்கலாம். "ஆமாம்மா, அவர் பாணிதான்" என்றார் மாஸ்டர்.

அக்கா டீயை ஊதிக்கொண்டே சொன்னாள். "பாவம், அந்த மாஸ்டர் வீடு ரொம்பச் சின்னதா இருந்திருக்கும்போல."

டீச்சர் சிரித்தாள். மாஸ்டர் குடிக்காத டீயைக் கீழே வைத்தார்.

மறுநாள் போய் அக்கா வாசலில் நின்றார். "என்மேல கோவமா அக்கா?"

"செத்துப்போனவங்களுக்கு ஏதுடா கோவம்? உள்ள வா." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

இந்த வருஷ விழாவில் மாஸ்டர் யாரும் கேட்காமலே மைக்கை வாங்கினார். "நான் கத்துக்கிட்டது எங்க அக்காகிட்ட. எங்க வீட்டு அடுப்படியில. டப்பா விழக்கூடாதுன்னு மடக்கின கைதான் இது." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "எவ்வளவு பெரிய ஆள்கிட்ட படிச்சவர், என்ன அடக்கம் பாருங்க!" என்றார் அந்தக் கோட்டுக்காரர். முன் வரிசையில் அக்கா இல்லை. ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

விழா முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனார். "சொல்லிட்டேன் அக்கா. மைக்குல."

"நம்பினாங்களா?"

"இல்ல."

"எப்படி நம்புவாங்க? போன வருஷம் அவ்வளவு நல்லாச் சொல்லிட்டியே."

மாஸ்டர் தலையைக் குனிந்தபடி கேட்டார். "வகுப்புல அந்தக் கையை எப்படி விரிப்பீங்க? ஒரு தடவை காட்டு அக்கா. பிள்ளைங்களுக்காவது சரியாச் சொல்லித்தரேன்."

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள். பலகை இல்லை, டப்பா இல்லை, தாராளமான இடம். வலது கையைத் தூக்கினாள். போர்வை பிழிந்து பிழிந்து இறுகிப்போன தோள். கை பாதி வரைக்கும் வந்து நின்றது. மறுபடி தூக்கிப் பார்த்தாள். அதே இடம்.

"இதுக்கு மேல வரலடா" என்றாள். "நீ முன்னாடியே கேட்டிருக்கலாம்."