அணையக்கூடாத கணப்பு

ஆனைமலை போகும் வழியில், உச்சி வெயிலில் பஸ் பஞ்சர். மோர் குடிக்க ஒதுங்கிய ஓட்டலுக்குள் குளிர்காயும் கணப்பு எரிகிறது. இந்த வெயிலில் எதற்கு என்று கேட்கிறேன். முதலாளி இங்கிலாந்துக் கிராமமொன்றில் பழைய சத்திரம் பார்த்துவிட்டு வந்தவராம்.

“வழிப்போக்கருக்காக மூட்டினதுங்க. அங்க நாலு தலைமுறையா அணையவே இல்லீங்க.”

“இங்கே?”

“ஆடி மாசத்துலருந்துங்க.”

அந்தச் சத்திரங்களைப் பற்றி நிறையப் படித்திருப்பதாகச் சொல்லித் தொலைக்கிறேன். அவர் முகம் மலர்கிறது.

“அப்ப தீய நீங்களே பாத்துக்குங்க, எரிக்கத் தென்னமட்டை எடுத்துட்டு வந்தர்றேன். அணைஞ்சா கணக்க மொதல்லருந்து ஆரம்பிக்கோணுங்க.”

தோப்புக்குள் போய்விடுகிறார். பஸ் ஹாரன் அடிக்கிறது. தீ சுருங்குகிறது. இது யாருடைய சரித்திரம் என்று விளங்காமலே மண்டியிட்டு ஊதுகிறேன். பஸ் கிளம்பும் சத்தம் கேட்கிறது.